மூன்றாவது மாடியில் ஒரு கையெழுத்து

துணைவேந்தர் வேதநாயகத்துக்குக் கோபம் தலைக்கேறியது. சக்கர நாற்காலியில் வரும் மாணவி பெனிட்டா, நூலகத்து லிஃப்ட் ஓடவில்லை என்று பல்கலைக்கழகத்தின் மேலேயே வழக்குப் போட்டுவிட்டாள்.

"லிஃப்ட் ஜோரா ஓடுதுன்னு பதில் மனு எழுதும்மா."

சட்டப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த வக்கீல் செண்பகவல்லி தயங்கினாள். "அது ரெண்டு வருஷமா ஓடலையே, ஐயா?"

"நான் சொன்னா ஓடும்!"

செண்பகவல்லி மறுநாள் மனுவோடு வந்து நின்றாள். "நோட்டரி முன்னாடி நீங்க கையெழுத்துப் போடணும், ஐயா. அவர் நூலகத்துல, மூணாவது மாடியில காத்திருக்கார்."

பதவிக்கு வந்தபின் நூலகப் பக்கம் தலைவைத்தும் படுக்காத துணைவேந்தர், மூட்டுவலியோடு விந்தி விந்தி வந்து லிஃப்ட் பொத்தானை அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். படித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் புத்தகத்தை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன், ஐயா," என்றாள் செண்பகவல்லி.

அவர் மாடிப்படியை அண்ணாந்து பார்த்தார். "இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா மேலே போறது?"

செண்பகவல்லி பேனாவைத் திறந்தாள். "பெனிட்டாவும் இதையேதான் கேட்டிருக்கா. என்ன பதில் எழுதட்டும், ஐயா?"