கழுகின் றெக்கையில் ஒரு கோடு

தூத்துக்குடியில் ஆவுடையப்பன் என்று ஒருவர். முப்பத்தாறு வருஷம் நிலம் அளந்து ஓய்வு பெற்ற சர்வேயர். வயது அறுபத்து மூன்று. பழங்காசு சேர்ப்பதில் அவருடைய குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு. ஞானத்துக்கு வயசு ஏது? பழைய வெள்ளிக் காசைப் பார்த்தாலே எந்த அச்சில் அடித்தது என்று சொல்லிவிடுவாள்.

அன்று காலை குருவை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார் ஆவுடையப்பன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"டீச்சர், நாலு அமெரிக்க அரை டாலர். 1803, 1805, 1806, 1807. நாலுலயும் கழுகோட இடது றெக்கையில ஒரே விரிசல்."

அச்சில் விரிசல் விட்டால் வெள்ளி அந்த இடுக்கில் புகுந்து, காசில் மேடாக ஒரு கோடு விழும். நாலு காசிலும் ஒரே கோடு என்றால், வருஷம் போட்ட பக்கத்து அச்சு மாறினாலும், ஒரே கழுகு அச்சு அத்தனை வருஷமும் உழைத்திருக்கிறது. இதுவரை யாரும் சொல்லாத சேதி. அமெரிக்கப் பத்திரிகைக்குக் கட்டுரைகூடத் தயார். குரு சரி என்றால் அனுப்ப வேண்டியதுதான்.

"ஊரையெல்லாம் அளந்தேன் டீச்சர். ஒரு வாய்க்கால் வரப்புக்குக்கூட எம் பேரு இல்ல. இதுக்காவது இருக்கட்டுமே."

சொல்லிவிட்டு நாலு படத்தையும் திரையில் வரிசையாகப் போட்டார்.

ஜெசிந்தா படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அடிக்க அடிக்க விரிசல் வளரணுமே சார். இது அப்படியே இருக்கே."

"நல்ல எஃகு போல."

"லென்ஸ் வச்சுப் பாத்தீங்களா?"

"லென்ஸ்ல பாத்தா கண்ணு வலிக்கு. ஸ்கேனர்ல வச்சுப் பெரிசாக்கித்தான் பாக்கேன். எல்லாத்தையும் ஒரே மூலையில, ஒரே வாக்குல வைப்பேன். சர்வேயர் கையாச்சே, அளவு பிசகாது."

ஜெசிந்தா டீத் தட்டிலிருந்த வட்ட பிஸ்கட் ஒன்றை எடுத்தாள். கடிக்கவில்லை. ஸ்கேனரின் அதே மூலையில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள்.

திரையில் பிஸ்கட் வந்தது. அதன் இடது பக்கத்தில் அதே விரிசல்.

ஆவுடையப்பன் ஸ்கேனர் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். அழுத்தித் துடைத்தார். கீறல் துடைத்தால் போகுமா? முகம் தொங்கிப்போனது. பிறகு என்ன நினைத்தாரோ, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நல்லவேளை டீச்சர், கட்டுரை இன்னும் போகல. பிஸ்கட்டும் அந்த அச்சுலதான் அடிச்சதுன்னு சேத்து எழுதியிருப்பேன்."

ஜெசிந்தாவும் சிரித்துவிட்டாள். தன் லென்ஸை அவர் கையில் கொடுத்தாள். "ஜன்னல் பக்கம் போங்க. காசைச் சாய்ச்சு, மெதுவாப் பாருங்க."

கண் வலிக்க வலிக்கப் பார்த்தார். மூன்று காசில் ஒன்றுமே இல்லை. 1806-ல் மட்டும் விளிம்பிலிருந்து ஓர் எழுத்தின் கால்வரை எறும்புக்கால் தண்டிக்கு ஒரு கோடு. சாய்த்தபோது மேடு தெரிந்தது.

ஓடிப்போய், அமெரிக்கக் காசு வகைகளைப் பட்டியல் போட்ட புத்தகத்தைப் புரட்டினார். அந்தக் கோடு அதில் இருந்தது. பரவலாகக் கிடைக்கும் வகை என்று வேறு போட்டிருந்தது.

"இது எல்லாருக்கும் தெரிஞ்ச விரிசலால்லா இருக்கு, டீச்சர்," என்றார்.

"ஆமா சார். ஆனா இது காசுல இருக்கு."