ஏரிக்கரையில் வெட்டிய குழி

எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லாத நாடு ஒன்று முன்பு இருந்தது. வழக்கம் எதுவோ அதுவே அங்கே சட்டம். ராஜாவும் அதை மீற முடியாது.

ஒரு மழைக்காலத்தில் பெரிய ஏரியின் கரை உடைந்தது. அடைத்தார்கள், மறுபடி உடைந்தது. ராஜா கதிகலங்கிப் போனார்.

மந்திரி விழுப்பரையர் எழுந்தார். "அரசே, கரை இருமுறை உடைந்தால், சபையோரில் உற்றார் இல்லாத ஒருவரை அங்கே உயிரோடு புதைப்பது நம் முன்னோர் வழக்கம்."

ராஜகுருவும் தலையாட்டினார். சபையில் உற்றார் இல்லாதவன் விகடகவி செவ்வந்தி ஒருவன்தான். ராஜா அவனிடம் காட்டிய பிரியம் இருவரையும் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"வழக்கமென்றால் நான் என்ன செய்ய முடியும்?" என்றார் ராஜா, செவ்வந்தியின் முகத்தைப் பார்க்காமலே.

கரையில் குழி வெட்டினார்கள். ஊர் ஜனம் கரை முழுக்கக் கூடி நின்றது. செவ்வந்தியை உள்ளே இறக்கி மண்ணைத் தள்ளினார்கள். ஈர மண் முழங்காலை இறுக்கியது. எப்போதும் வாய்க்கு வரும் வேடிக்கைப் பேச்சு ஒன்றுகூட வரவில்லை. மண் இடுப்புக்கு ஏறியபோது தட்டுத்தடுமாறிக் கேட்டான்:

"அரசே, வழக்கத்தில் பிசகு வந்தால் கரை நிற்காதே! நான் எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும்?"

"கிழக்கு" என்றார் மந்திரி. அதே மூச்சில், "தெற்கு" என்றார் ராஜகுரு.

"என் தலையில் வைக்க வேண்டியது என்ன?"

"பூ!" "எலுமிச்சம்பழம்!"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். செவ்வந்தி ஜனங்களைப் பார்த்துக் கத்தினான்: "மடை திறந்தால் முதல் தண்ணி யாருக்கு?"

"கடைமடைக்கு!" கரை முழுக்க ஒரே குரல். "இதுகூடத் தெரியாதாய்யா?" என்றாள் ஒருத்தி.

"வழக்கம் என்பது இதுதான், அரசே. யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும். என்னைப் புதைக்கும் வழக்கம் இந்த இருவருக்குமே சரியாகத் தெரியவில்லை."

ராஜாவுக்கு முகம் சிவந்தது. பிறகு, இத்தனை நாள் அடக்கிய பயமெல்லாம் வெடித்ததுபோலச் சிரித்தார். தாமே குனிந்து செவ்வந்தியைக் கைதூக்கிவிட்டார். மந்திரியும் குருவும் கரைக்கு மண் சுமக்க வேண்டுமென்று உத்தரவிட்டார்.

"உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்!"

செவ்வந்தி காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டான்.

"முதலில் இந்தக் குழியை மூடச் சொல்லுங்கள், அரசே. திறந்தே கிடந்தால் இதில் ஆளைப் புதைப்பதும் வழக்கமாகிவிடும்."