வீட்டிலிருந்து வந்த மாவு

“அஞ்சு வருஷம் ஆச்சு தாயே. இன்னும் எனக்குக் காவி தரமாட்டேங்கறீங்களே!”

மடத்து அடுப்படியில் நின்று முறையிட்டவர் மாதையன். விவசாயக் கல்லூரியில் நுண்ணுயிர்ப் பாடம் நடத்தியவர். தான் வாங்கிக் கொடுத்த பைக்கிலேயே விபத்தாகி ஒரே மகன் போய்விட்டான். காரியம் முடிந்த கையோடு மனைவி கோகிலாவை அப்படியே விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொண்ட புண்ணியவான்.

மடத்தின் தலைவி குருவம்மை அவரைவிட இருபது வயது இளையவர்.

“துக்கம் போச்சா, வாத்தியாரே?”

“சுத்தமா. இப்ப எதுவும் என்னைச் சுடறதில்லை.”

குரு கூழ்ப்பானையைத் திறந்தார். நேற்றுக் கரைத்த கம்பு மாவு நுரை கட்டிப் புளித்திருந்தது.

“உள்ள என்ன நடக்குது?”

அடடா, மனுஷனுக்கு முகமே மலர்ந்துவிட்டது.

“தயிர்ல இருக்கிற மாதிரி பாக்டீரியாதான் தாயே. கம்புல கொழுப்பு ஜாஸ்தி. அந்தக் கொழுப்பு அமிலம் அதுக்கு விஷம். அதான் கடகடன்னு வேற பொருளா மாத்திடுது.”

“நமக்காகவா?”

“நாம யாரு அதுக்கு? தான் பிழைக்கத்தான்.”

“ம்.” குரு பானையை மூடினார். “கோகிலாம்மா வந்திருக்காங்க.”

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி கட்டப்போகிறவர், தன் வீட்டிலிருந்து வந்த மாவில் காய்ச்சிய கூழை ஒரு கிண்ணம் குடித்து முடிக்க வேண்டும். வீட்டுச் சாப்பாடு அதோடு சரி. மாவு கேட்டுக் கடிதம் போட்டிருந்தார் குரு.

கோகிலா தூக்குவாளியை நீட்டினாள். மாதையன் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“எப்ப அரைச்சது?”

“கடுதாசி வந்த அன்னிக்கே. மூணு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். இருபது நாள் ஓடிப்போச்சு.”

“காறிப்போச்சே! அரைச்ச அன்னிக்கே கரைச்சுப் புளிக்க வச்சிருக்கணும். இனிமே என்ன பண்ணினாலும் கசப்பு போகாது.”

“ஆளில்லாத வீட்டுல யாருக்குங்க கரைக்கிறது?”

மாதையன் கண் கொடியில் கிடந்த புதுக் காவியின் மேல் இருந்தது.

குரு அந்த மாவையே காய்ச்சி, உப்புப் போட்டு, ஆற்றி, கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்.

ஒரு வாய்தான். மாதையன் ஓடிப்போய் வாய்க்காலில் துப்பினார். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

“தாயே, இதை மனுஷன் குடிப்பானா? வேற மாவு கொண்டுவரச் சொல்லுங்க. நாளைக்கு வச்சுக்கலாம்.”

குரு கோகிலாவைப் பார்த்தார்.

கோகிலா எழுந்து வந்து மாதையன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். முகம் சுளிக்கவில்லை. மடக் மடக்கென்று அடிவரை குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்குப் பழகிடுச்சுங்க” என்றாள்.