இன்னாசியின் மீசையும் நைட்ரோ காரும்

கோத்தகிரியில் மார்கழி என்றால் பல்லு தந்தியடிக்கும். அந்தக் குளிரில்தான் நம்ம இன்னாசி புதுசாக ஒரு நைட்ரோ கார் வாங்கி வந்தான். முழ நீளப் பொம்மைக் கார்தான். ஆனால் எரிபொருள் ஊற்றி, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்து, ரிமோட்டில் ஓட்டணும். வாங்கினவன் சும்மா இருந்தானா? "ஞாயித்துக்கிழமை பந்தயத்துல தோத்தா என் மீசைய எடுத்துக்க!" என்று குன்னூர் துரைக்கண்ணுவிடம் சவால் விட்டுவிட்டான். விளக்கெண்ணெய் தடவித் தடவி வளர்த்த மீசை, ஐயா அது!

கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "புது எஞ்சின் தம்பி. தொட்டா வெதுவெதுன்னு இருந்தாத்தான் ஸ்டார்ட் பண்ணணும். முதல்ல நடக்கிற வேகத்துலதான் ஓட்டணும். ஒவ்வொரு டேங்க் தீர்ந்ததும் நல்லா ஆறவிடணும்."

மறுநாள் காலை இன்னாசியும் அவன் கூட்டாளிகள் மாதேஷும் கஜபதியும் காரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாதேஷ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எஞ்சினைத் தொட்டான்.

"ஐயையோ, ஐஸ்கட்டி!"

பச்சைத் தண்ணீரில் பாத்திரம் கழுவிவிட்டு வந்த கஜபதியும் தொட்டான். "எனக்கு வெதுவெதுன்னுதானே இருக்கு?"

இன்னாசி கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசித்தான். "அப்ப கோளாறு எஞ்சின்ல இல்லடா. மாதேஷ் கையில!"

"அதானே! எஞ்சினைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே," என்று மாதேஷுக்கு அழுகையே வந்துவிட்டது.

உடனே ஒரு வாளியில் ஐஸ் போட்டு மூவரும் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். விரல் மரத்துப்போன பிறகு தொட்டால், ஆகா, என்ன வெதுவெதுப்பு! ஆனால் கயிற்றை இழுத்தால் எஞ்சின் மூச்சு விடவில்லை. "கை இன்னும் பதத்துக்கு வரலை," என்று மறுபடி முக்கினார்கள். இழுத்தார்கள். முக்கினார்கள். உச்சி வெயில் வந்து எஞ்சினைச் சுட வைத்ததும், டர்ர்ர் என்று கிளம்பியது.

"பாத்தியா, கை இப்பத்தான் பதமாச்சு!" என்று கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

அடுத்தது நடக்கிற வேகம். முழங்கால் வலிக்காரன் கஜபதி முன்னால் நொண்டி நொண்டி நடக்க, கார் பின்னாலேயே ஊர்ந்தது. அவன் டீக்கடையில் உட்கார்ந்தால் காரையும் நிறுத்தினார்கள்.

பந்தயத்தன்று நல்ல வெயில். இன்னாசியின் கார் பறந்தது! எல்லாரையும் முந்தி, கோட்டுக்கு ரெண்டடி இருக்கும்போது டேங்க் தீர்ந்து நின்றது.

"எரிபொருள ஊத்துடா!" என்று கூட்டமே கத்தியது.

"யாருகிட்ட? ஆறவிடாம ஊத்த நாங்க என்ன மடையனுங்களா?" என்று இன்னாசி துண்டால் எஞ்சினுக்கு விசிறிக்கொண்டிருந்தான். மற்ற கார்கள் ஒவ்வொன்றாகக் கோட்டைத் தாண்டிப் போயின. துரைக்கண்ணு கார்தான் முதலில்.

சாயங்காலம் துரைக்கண்ணு வெந்நீர்க் கிண்ணமும் சவரக்கத்தியுமாக வந்துவிட்டான். கஜபதி குறுக்கே விழுந்தான். "அண்ணே, குளிர்ல எதையும் தொட்டுப் பாத்து, வெதுவெதுன்னு இருந்தாத்தான் ஆரம்பிக்கணும்!"

துரைக்கண்ணு வெந்நீரிலிருந்து கையை எடுத்து இன்னாசியின் மீசையைத் தொட்டான். "அட, சில்லுன்னுதான்பா இருக்கு. சரி, சித்திரை வரட்டும், பாத்துக்கலாம்." கத்தியை மடக்கிவிட்டுக் கிளம்பினான்.

மீசை தப்பித்தது. மாதேஷ் விசிலே அடித்துவிட்டான். ஆனால் இன்னாசிக்கு மனசு கேட்கவில்லை.

"நில்லு துரைக்கண்ணு. கோளாறு மீசையில இல்ல, உன் கையில," என்று ஐஸ் வாளியைத் தூக்கி வந்து முன்னால் வைத்தான். "கொஞ்ச நேரம் முக்கிட்டு மறுபடி தொடு."

துரைக்கண்ணு முக்கினான். தொட்டான். "அட, ஆமாப்பா! வெதுவெதுன்னு இருக்கே!"

"நான் சொல்லலை?" என்று இன்னாசி பெருமையாக முகத்தை நீட்டினான்.