பதினோரு அரைக்குதிரைகள்

படம் கெட்டது. குதிரை அசைந்துவிட்டது.

குதிரையின் பெயர் சிவப்பி. வயதாகிவிட்டது. இன்று மாலை மலையடிவாரத்துப் புல்வெளிக்கு அனுப்புகிறார்கள். இனி ஓய்வு. பத்தொன்பது வருஷம் அவளைப் பார்த்துக்கொண்ட லாயக்காரர் காசிம் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்: "அவ போனப்புறம் பாத்துக்க ஒரு படம் போட்டுக் குடுங்க, தம்பி." ஓவியம் பயிலும் நல்லமுத்து தலையாட்டிவிட்டான்.

முன்னங்காலை வரைந்தால் சிவப்பி தலையைத் திருப்பினாள். தலைக்குப் போனால் காலை மாற்றினாள். பொறுத்துப் பார்த்தான். பிறகு முன்னும் பின்னும் கயிறு போட்டு இழுத்துக் கட்டினான். படம் கச்சிதமாக முடிந்தது.

காசிம் வாங்கிப் பார்த்தார். "நல்லாருக்கு தம்பி. இது யார் வீட்டுக் குதிரை?"

குரு பூங்காவனம் லாய வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நல்லமுத்து அவர்முன் போய் நின்றான்.

"ஐயா, அசையற குதிரைய எப்படி வரையறது?"

அவர் எழுந்து போய்க் கயிறுகளை அவிழ்த்தார். சிவப்பி உடம்பை ஒரு உதறு உதறினாள்.

"வரை."

"நகர்ந்துட்டா?"

"அத விட்டுடு. பக்கத்துல இன்னொண்ணு ஆரம்பி."

"அதுவும் நகர்ந்துட்டா?"

"தாள்ல இடமா இல்ல?"

வரைந்தான். ஒரு கழுத்து. ஒரு முதுகு. காதும் பின்னங்காலும் மட்டும் ஒன்று. பதினோரு அரைக்குதிரைகள். வெயில் சாய்ந்துவிட்டது.

"ஒண்ணுகூட முழுசாகல, ஐயா. கூட்டிட்டுப் போக ஆள் வந்துரும்."

"தாளப் பாத்துப் புலம்பாத. அவளப் பாரு."

காசிம் புல்லுக்கட்டோடு உள்ளே வந்தார். சிவப்பி ஒரு காதை அவர் பக்கம் திருப்பி, ஒரு பின்னங்காலை நுனிக்குளம்பில் ஊன்றித் தளர்ந்து நின்றாள்.

நல்லமுத்து திடுக்கிட்டான். அவன் பாதியில் விட்ட மூன்றாவது குதிரை! மளமளவென்று மிச்சத்தைப் போட்டான்.

காசிம் படத்தைப் பார்த்தார். கோட்டு முதுகை விரலால் தடவினார்.

"கழுதை," என்றார். "முதுகு சொறிஞ்சு விடணும்னா இப்படித்தான் நிப்பா." படத்தைச் சுருட்டி மேல்துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ஆள் வந்தான். சிவப்பியை வெளியே நடத்திப் போனான்.

நல்லமுத்து குருவின் காலடியில் உட்கார்ந்தான். "நீங்க இல்லேன்னா இந்தப் படம் வந்திருக்காது, ஐயா."

"நான் கடலை தின்னேன்." பூங்காவனம் மடியில் கிடந்த தோலைத் தட்டினார். "தெரு முனை தாண்டுறதுக்குள்ள ஓடு. நன்றிய சிவப்பிகிட்டச் சொல்லு."