குருபூசைக்குத் தடுப்பு கட்டிய கதை

ஆற்றங்கரை மடத்துக்கு வடிவாம்பிகை அம்மாள் குருவாக வந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் மாசிலாமணிக்கோ பேரன் எடுத்த வயது. போலீஸ் வேலையில் ஓய்வு பெற்று வந்தவர். அதனால் குருபூசைக் கூட்டத்தைக் கட்டிமேய்க்கிற பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

போன வருஷம் நெரிசலில் ஒரு பெண் விழுந்து கால் ஒடிந்துவிட்டது. அன்றிலிருந்து மாசிலாமணிக்குச் சரியான தூக்கமில்லை.

இந்த முறை பட்டறையிலிருந்து இரும்புத் தடுப்புகளை வரவழைத்து, சன்னதி வாசலின் இருபுறமும் நெருக்கி நிறுத்திப் பார்த்தார். பழைய சவுக்குக் கம்புகளும் கயிறும் ஓரமாகக் கிடந்தன.

“சிமெண்ட் போட்டு ஊன்றிடலாமா அம்மா? யானை மோதினாலும் அசையாது.”

அம்மாள் அவரைத் தடுப்புக்குள் போய் முன்னால் நிற்கச் சொன்னார். சமையற்கட்டில் இருந்தவர்களையும் தோட்டத்து ஆட்களையும் கூப்பிட்டுப் பின்னால் நிறுத்தினார். சன்னதிக் கதவைச் சாத்தினார்.

“எல்லாரும் முன்னால நகருங்க.”

சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். சற்றைக்கெல்லாம் மாசிலாமணியின் விலாவில் கம்பி பதிந்தது. மூச்சு முட்டியது.

“போதும் அம்மா!”

கதவு திறந்தது. வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

“உள்ளே நின்றபோது எதைத் தேடினீங்க?”

“வெளியே போக ஒரு சந்து.”

அம்மாள் வேறொன்றும் கேட்காமல் பூப்பறிக்கப் போய்விட்டார்.

மாசிலாமணி இரும்பைத் திருப்பி அனுப்பினார். சவுக்குக் கம்புகளை நட்டு, ஒரே இழுப்பில் அவிழும்படி கயிறு கட்டினார். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஓர் ஆளை நிறுத்தினார். வாசலை ஒட்டிய முடிச்சருகே தாமே நின்றார்.

குருபூசையன்று தீபாராதனை வேளையில் காற்று சுழன்றடித்தது. கீற்றுப் பந்தலின் ஒரு மூலை சரிந்தது.

“பந்தல் விழுது!” என்று யாரோ அலறினார்கள்.

கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்தது. மாசிலாமணி முடிச்சை இழுத்துவிட்டார்.

“அவிழ்த்து விடுங்கப்பா! எல்லாத்தையும் அவிழ்த்து விடுங்க!”

கயிறுகள் தரையில் விழுந்தன. மடை திறந்தாற்போல் சனம் இருபுறமும் வெட்டவெளியில் பரவி நின்றது.

காற்று அடங்கியதும் மாசிலாமணி ஒவ்வொருவரிடமும் போய் விசாரித்தார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒருத்தி மட்டும், “என் புதுச் செருப்பு போச்சே, நீங்கல்லாம் என்னத்தைப் பார்த்துக்கிறீங்க?” என்று பிடிபிடியென்று பிடித்தாள். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. கூடவே குனிந்து செருப்பைத் தேடினார்.

சாயங்காலம் மாசிலாமணி அம்மாள் முன்னால் வந்து உட்கார்ந்தார். வெகுநாளைக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது.

“இரும்பைவிடக் கயிறுதான் காப்பாத்தும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது அம்மா.”

“இரும்பை ஊன்றியிருந்தா, காற்று அடிச்சப்போ நீங்க எங்கே நின்றிருப்பீங்க?”

“தடுப்பை நம்பிச் சன்னதிக்குள்ளே, தீபாராதனை பார்த்துக்கிட்டு...” என்று தொடங்கிய மாசிலாமணி, “அப்போ காப்பாத்தினது கயிறில்ல அம்மா, முடிச்சுகிட்ட நின்ன ஆளுங்க” என்றார்.