கால் வீங்கிய ஞாபகம்

கோவில்பட்டியில் செண்பகவல்லி என்றொரு நூலகர் இருந்தாள். அவளுக்குள் குடியிருந்த ஞாபகம் படுசுறுசுறுப்பு. யாராவது புத்தகத்தின் பெயரைப் பாதி சொல்லும்போதே ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு, "ஜன்னலோரம், நாலாவது தட்டு, நீல அட்டை" என்று அவள் காதில் சொல்லிவிடும்.

ஒரு வருஷம் குதூகலம் அவளிடம் வந்து தங்கியது. பதினோரு நாள் தூங்கவிடவில்லை. "இதை எடு, அதைப் போடு, இன்னொண்ணு கொண்டா" என்று ஞாபகத்தை விரட்டிக்கொண்டே இருந்தது. அது போனதும் துயரம் வந்து, கதவையெல்லாம் சாத்திக்கொண்டு நாலு மாதம் படுத்துவிட்டது. இருமுனை நோய் என்றார் டாக்டர். அவர் தந்த மாத்திரைகள் குதூகலம், துயரம் இரண்டையும் அடக்கி வெளியே அனுப்பின.

"அதான் நல்லாயிட்டியே, பெறகென்ன?" என்றான் கணவன் வேலாயுதம். அவள் வேலைக்குத் திரும்பினாள்.

முதல் நாளே, நூலகத்துக்கு வழக்கமாக வரும் காதர் மைதீன் சார் வந்து ஒரு பயண நூலைக் கேட்டார். அவளே ஐந்தாறு தடவை எடுத்துக் கொடுத்த புத்தகம். உள்ளே திரும்பிப் பார்த்தாள். ஞாபகம் கால் வீங்கித் தரையில் உட்கார்ந்திருந்தது.

"எங்கே இருக்கு? சொல்லு."

"தெரியலக்கா."

"யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க சார்" என்று பொய் சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.

சாயங்காலம் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "இதை விட்டுட்டா குதூகலம் திரும்பி வரும். அது இருந்தப்ப நீ பறந்தியே!" என்றாள் ஞாபகத்திடம்.

"பறக்கலக்கா. அது என்னைத் தரதரன்னு இழுத்துட்டுப் போச்சு. எடுத்த எதையும் ஒரு இடத்துல வைக்க விடல."

"நீ பழையபடி எப்ப வருவ?"

"வருவேனான்னே தெரியல. வந்தாலும் நடந்துதான் வருவேன்."

செண்பகவல்லி அழுதாள். தன்னை விட்டுப் போன யாரையும் நினைத்து அல்ல. கூடவே இருந்தும் எட்டாமல் போன ஞாபகத்தை நினைத்து. பிறகு மாத்திரையை விழுங்கினாள்.

மறுநாள் காதர் மைதீன் மறுபடி வந்தார். "சார், நேத்து நான் சொன்னது பொய். எனக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு. இப்ப எதுவும் சட்டுன்னு வரமாட்டேங்குது."

"அதுக்கென்னம்மா, வரட்டும்" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

உள்ளே ஞாபகம் சுவரைப் பிடித்து எழுந்து, ஓர் அடி வைத்தது. ஊருக்குப் போய் நாள்கணக்கில் திரும்பாதவரை எதிர்பார்க்கிறவளைப் போல, செண்பகவல்லி அது வரும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.